பேய்ச்சொரம்மா

பேய் என்ற பேச்சையே என் வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. நான் போட்ட சட்டம் அது. பாயா ரும்புட்டில் எங்கள் தாமான் குடியிருப்புக்கே அது தெரியும். இருபத்திரண்டு வருடமாகத் தமிழ்ப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஒற்று மிகுமா மிகாதா என்று பிள்ளைகளின் பெற்றோர் எனக்குத்தான் வாட்சப்பில் கேட்பார்கள். நளினி டீச்சர் வாயைத் திறந்தால் தெருவே அடங்கிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டு எனக்குள் ஒரு திமிர் வளர்ந்திருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

சட்டம் வந்ததற்குக் காரணம் ராமாத்தாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, அதைத் தாண்டினால் அவர் மகன் வீடு, அங்கேதான் அவரும் இருக்கிறார். கிளேபாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் விடியற்காலையில் போய்க் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டுப் பத்து மணிக்குத் திரும்பிவிடுவார். போன வருடம் என் தங்கை அனுசியாவுக்குக் காய்ச்சல் வந்தபோது திருநீறும் கறுப்புக் கயிறுமாக வந்து நின்றார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "இது பயந்த சொரம் டீச்சர். கயிறு கட்டுனா எறங்கிடும்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "சொரமும் இல்ல, பயமும் இல்ல. இது டெங்கி. அதுவும் சொரம் இல்ல, காய்ச்சல்னு சொல்லுங்க" என்று கயிற்றைப் பிடுங்கி வெளியே எறிந்தேன். இனிமேல் வாசற்படி ஏறாதீர்கள் என்றும் சொல்லிவிட்டேன். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. என் போனில் இருந்த அவர் நம்பரையும் அழித்துவிட்டேன்.

அனுசியாவுக்கு முப்பத்தொன்பது வயது. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இரண்டு வருடமாகச் சர்க்கரை. அவளும் அவள் கணவர் நிவேந்திரனும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். நிவேந்திரன் குருபோங் தொழிற்பேட்டையில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். மூன்று மாதமாக அனுசியாவுக்கு ஒரு பழக்கம். போனில் எதையோ பார்த்துவிட்டுத் தினமும் காலையில் பாகற்காயையும் சுரைக்காயையும் தோலோடு அரைத்து ஒரு கிளாஸ் ஜூஸ் குடிப்பாள். அதைத் தொடங்கி வைத்தது போன் என்றாலும், ஒரு நாள் குடிக்காவிட்டால் கத்துவது நான்தான்.

அந்தச் சனிக்கிழமை பிரிஜ்ஜில் சுரைக்காய் இல்லை. பின்சந்தில் லோங்காங்கை, அதாவது சாக்கடையை, ஒட்டிய கம்பிவேலியில் ஒரு கொடி தானாக முளைத்துப் படர்ந்திருந்தது. அதில் குட்டையாக, பச்சையாக ஒரே ஒரு காய். பார்க்கச் சுரைக்காயேதான். அனுசியா கத்தியோடு போய் அறுத்துக்கொண்டு வந்தாள்.

"சும்மா தொங்கிக்கிட்டு இருக்குக்கா. இதுக்குப் போயி பசார் வரைக்கும் போகணுமா?"

ஏழரைக்கு அரைத்துக் குடித்தாள். நான் ஹாலில் பயிற்சிப் புத்தகம் திருத்திக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இன்னைக்கு என்னமோ ரொம்பக் கசக்குது."

"பாவக்காய் கசக்காம பாயாசம் மாதிரியா இருக்கும்? மூச்சப் புடிச்சிக்கிட்டுக் குடிச்சிடு. நாடகம் போடாத."

குடித்துவிட்டாள். மீதியை ஜாடியோடு பிரிஜ்ஜில் வைத்தாள். எட்டு மணிக்கு வாந்தி தொடங்கியது. முதலில் பச்சையாக வந்தது, பிறகு வெறும் தண்ணீர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது.

"நேத்து ராத்திரி அந்தக் கடையில மொளகாச் சம்பல அள்ளி அள்ளித் தின்னல்ல? வேணாம்னு சொன்னேன், கேட்டியா?" என்றேன். நான் பதறவில்லை. சம்பல் என்று முடிவு கட்டியாகிவிட்டது. நிவேந்திரனுக்குப் போன் செய்து சொன்னேன். சரக்கை இறக்கிவிட்டு வந்துவிடுகிறேன் என்றார்.

பத்து மணி சுமாருக்கு வாந்தி கொஞ்சம் நின்றது. சமையற்கட்டு நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்தேன். உதடெல்லாம் காய்ந்திருந்தது. வயிறு எரிகிறது, எரிகிறது என்று அரற்றினாள். வயிற்று எரிச்சலுக்குக் குளிர்ச்சிதானே வேண்டும்? சுரைக்காய் குளிர்ச்சி என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். பிரிஜ்ஜைத் திறந்து ஜாடியை எடுத்தேன். இருப்பதிலேயே பெரிய கிளாஸாகப் பார்த்து ஊற்றினேன்.

அப்போதுதான் பின்கேட்டில் தடதடவென்று சத்தம். ராமாத்தாள் இரண்டு கையாலும் கேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். சந்தில் ஆட்கள் மெஷின் வைத்துப் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. அவர் பார்வை கம்பிவேலிக்குப் போனது, நாற்காலியில் சுருண்டிருந்த அனுசியாவுக்குப் போனது, என் கையிலிருந்த கிளாஸில் வந்து நின்றது.

"டீச்சர்! அது பேய்ச்சொரம்மா! பேய்ச்சொரம்மா அது! குடுக்காத! ஐயோ, குடுக்காத!"

பேய்ச் சொரம். என் தலையில் யாரோ வெந்நீரைக் கொட்டியது போல் இருந்தது. பேய் பிடித்தவர்களுக்கு அன்னம் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று இவர்களுக்குள் ஒரு பேத்தல் உண்டு. அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"போன வருஷம் பயந்த சொரம், இந்த வருஷம் பேய்ச்சொரமா? அடுத்த வருஷம் எதக் கொண்டாருவீங்க? நான் வெளிய வந்து அசிங்கமாப் பேசுறதுக்கு முன்னாடி போயிடுங்க!"

"டீச்சர், நான் சொல்றதக் கொஞ்சம்..."

"போங்கன்னு சொன்னேன்ல!"

சமையற்கட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அவர் கேட்டை இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். புல் வெட்டும் மெஷினும் விடாமல் அலறியது. ஜன்னல் திறந்திருந்தது. அதை மூடக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் பார்க்கட்டும் என்றுதான் இருந்தது. அனுசியாவின் வாயருகே கிளாஸைக் கொண்டுபோனேன்.

"வேணாம்கா. கசக்குது."

"மருந்துன்னு நெனச்சிக்க. குடி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் கோபம் அவளுக்குப் பழக்கமானது. சண்டை வேண்டாம் என்று நினைத்திருப்பாள். கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் குடித்தாள். நான் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தேன்.

இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த வாந்தியில் ரத்தம் வந்தது. முதலில் நூல் மாதிரி, பிறகு ஒரு கைப்பிடி. அந்த நேரம் பார்த்து நிவேந்திரன் உள்ளே ஓடி வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, ராமாத்தாக்கா போன் பண்ணாங்க. லோரி சத்தத்துல ஒன்னும் சரியாக் கேக்கல. பேய்ச்சொரம்னாங்க. நான் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டேன். குருபோங் கோயில் பூசாரிக்குச் சொல்லியாச்சு, நேரா அங்க..."

"உங்களுக்குப் பைத்தியமா நிவேன்? ரத்தம் ரத்தமாக் கக்குறா, கோயிலுக்கா?"

"போன வாரம் ராத்திரி ஷிப்ட் முடிஞ்சி அந்தப் பெரிய மரத்துப் பக்கமாத்தான் நடந்து வந்தா. அவளே சொன்னா, என்னமோ மாதிரி இருந்துச்சின்னு!"

"ஆஸ்பத்திரிக்குக் காரு எடுக்கிறீங்களா, நான் எடுக்கட்டுமா?"

ஐந்து நிமிடம் இப்படியே கத்தினோம். ஒருவர் பேயைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் பேயைத் திட்டிக்கொண்டு. நடுவில் அவள் தரையில் கிடந்தாள். கடைசியில் நான்தான் ஜெயித்தேன். நான் எப்போதும் ஜெயிப்பேன். நிவேந்திரன் சாமி மேடையிலிருந்து திருநீற்றை எடுத்து அவள் நெற்றியில் பூசிவிட்டுத் தூக்கிக் காரில் போட்டார். நான் தடுக்கவில்லை.

பாயா ரும்புட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குச் சாதாரணமாக அரை மணி நேரம் ஆகாது. அன்று சனிக்கிழமை. சிங்கப்பூர்க் கார்களும் டூர் பஸ்களும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. நிவேந்திரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை. பின்சீட்டில் அவள் தலை என் மடியில் இருந்தது. கையைப் பிடித்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. கழுத்தும் ஜில். வேர்வை மட்டும் ஊற்றியது. "அனுசு, கண்ண மூடாத. அக்காவப் பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் கண் செருகிக்கொண்டே போனது.

எமர்ஜென்சியில் எடுத்தவுடன் பிரஷர் பார்த்தார்கள். எழுபதுக்கு நாற்பது. முக்காடு போட்ட சின்ன வயது மலாய் டாக்டர் ஒருவர் வந்தார். ரத்த வாந்தி என்றதும் டெங்கியாக இருக்குமோ என்றுதான் அவர் முதலில் சந்தேகப்பட்டார். மலாயில் கேட்டார், காய்ச்சல் எத்தனை நாளாக?

"காய்ச்சல் இல்லை."

"நேற்று? முந்தாநாள்? ராத்திரியில் குளிர் நடுக்கம்?"

"இல்லை. ஒரு நாள்கூட இல்லை."

"என்ன சாப்பிட்டார்கள்?" நேற்று ராத்திரிச் சம்பலைச் சொன்னேன். காலையில் ஜூஸ் என்றேன். என்ன ஜூஸ்? பாகற்காயும் லாபு ஆயரும். சுரைக்காயை அப்படித்தான் மலாயில் சொல்வோம். அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரத்தம் சோதித்துவிட்டுப் பார்க்கலாம், கொஞ்சம் காத்திருங்கள் என்று திரும்பினார்.

காய்ச்சல் இல்லை. நானே என் வாயால் இரண்டு தடவை சொன்னேன். அப்போதுதான் உறைத்தது. காய்ச்சலே இல்லாதவளுக்கு ராமாத்தாள் எதற்குச் சொரம் என்றார்? போன வருடம் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். இன்று கேட்டுக்கு வெளியேதான் நின்றார். உள்ளே வரவில்லை, தொடவில்லை. வந்ததும் வேலியைப் பார்த்தார், பிறகு என் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார்.

பேய்ச்சொரம்மா.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பலகையில் எழுதிப் பிரிக்கச் சொல்வேனே, அதே மாதிரி அந்தச் சொல் என் கண்முன்னால் பிரிந்தது. இல்லை, அம்மா என்பதை இல்லம்மா என்கிறோம். வரவில்லை, அம்மா என்பது வரலம்மா. சொரம், மா என்றாலும் சொரம்மாதான். சொர, அம்மா என்றாலும் சொரம்மாதான். சொர. சுரை. பேய்ச்சுரை. ச் இரண்டிலும் மிகும். எந்த ஒற்றை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது.

பயிற்சிக் கல்லூரியில் படித்தது ஞாபகம் வந்தது. பேய்ப்புடல், பேய்ப்பீர்க்கு, பேய்க்கொம்மட்டி, பேய்ச்சுரை. பரீட்சைக்காக உருப்போட்ட வரிசை. அங்கே பேய் என்றால் ஆவி இல்லை. பார்க்க நல்ல காய் மாதிரியே இருக்கும், ஆனால் கசக்கும், தின்னக் கூடாது. அந்தக் காட்டு இனத்துக்குத் தமிழில் பேய் என்று பெயருக்கு முன்னால் போடுவார்கள். எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். அந்தக் காயை ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. என் வீட்டு வேலியிலேயே அது தொங்கியபோதும் எனக்குத் தெரியவில்லை.

"நிவேன், போன் குடுங்க. ராமாத்தாக்காவக் கூப்பிடுங்க."

"இப்பவா? நீங்கதான் அவங்கள..."

"கூப்பிடுங்க நிவேன்!"

அவர் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். மணி ஒரு தடவைகூட முழுசாக அடிக்கவில்லை.

"நிவேனு, புள்ள எப்படி இருக்கு?"

"ராமாத்தாக்கா, நான் நளினி."

"சொல்லுங்க டீச்சர்" என்றார்.

"நீங்க காலையில சொன்னது சொரமா? சொரையா?"

"சொரதான் டீச்சர்! அந்த லோங்காங் ஓரத்துக் காயி. வேல முடிஞ்சி வந்து பாக்குறேன், காம்பு மட்டும் நிக்கிது. போன மாசம் ஒன்னு காச்சப்ப வெட்டி நுனி நாக்குல வெச்சிப் பாத்தேன். அப்பா சாமி! அன்னிக்குப் பூரா வாந்தி. அதுலேருந்து கைய வைக்கல. கொடியப் புடுங்கணும் புடுங்கணும்னு இருந்து விட்டுட்டேனே, நான் ஒரு முட்டாச் சிறுக்கி!" அவர் அழ ஆரம்பித்தார்.

நிவேந்திரன் அதற்குள் டாக்டரின் பின்னால் ஓடிவிட்டார். "லாபு ஹந்து, டாக்டர்! லாபு ஹந்து!" என்று கத்தினார். பேய்ச் சுரைக்காயை அவர் அப்படியே மலாயாக்கிவிட்டார், ஹந்து என்றால் ஆவி. நர்ஸ் நிமிர்ந்து அனுசியாவின் நெற்றியிலிருந்த திருநீற்றைப் பார்த்தாள். யாரோ சிரித்தார்கள். நான் போய் நடுவில் நின்றேன். ஹந்து இல்லை, காட்டுச் சுரைக்காய், கசக்கும், விஷம், இவள் அதை அரைத்துக் குடித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். பாகற்காய் சேர்ந்ததால் கசப்பு வித்தியாசமாகத் தெரியவில்லை என்றும் சொன்னேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. போனில் எதையோ தேடிப் படித்தார். பெரிய டாக்டரை அழைத்துப் பேசினார். பேசப் பேச அவர் குரல் மாறியது. போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"எவ்வளவு குடித்தார்கள்? எத்தனை மணிக்கு? சரியாகச் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்."

"ஒரு கிளாஸ்" என்றார் நிவேந்திரன். "ஏழரைக்கு. தினமும் ஒரு கிளாஸ்தான் குடிப்பாள்."

டாக்டர் எழுதத் தொடங்கினார். நிவேந்திரன் கையில் போன் இன்னும் ஸ்பீக்கரில்தான் இருந்தது. டாக்டர் மலாயில் கேட்டதும் நிவேந்திரன் சொன்னதும் ராமாத்தாளுக்கு நன்றாகவே புரிந்திருக்கும். திறந்த ஜன்னல் வழியாக அவர் எல்லாவற்றையும் பார்த்தவர். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. இதை மறைக்காமல் சொல்கிறேன். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். கிளாஸைக் கழுவியாகிவிட்டது. ஒன்றானால் என்ன, இரண்டானால் என்ன, மருந்து ஒன்றுதானே என்றுகூட நினைத்தேன். என் தங்கை அங்கே உதடு நீலம் பாரித்துக் கிடக்கிறாள், நான் இங்கே என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறேன்.

"டீச்சர்..." என்றது போன். அவ்வளவுதான்.

"இரண்டு கிளாஸ்" என்றேன் டாக்டரிடம். "இரண்டாவது பத்து மணிக்கு. பெரிய கிளாஸ். நான்தான் கொடுத்தேன்."

டாக்டர் எழுதியதை அடித்தார். போனில் இரண்டு வார்த்தை பேசினார். உடனே நாலு பேர் வந்து அவளைத் தள்ளிக்கொண்டு ஐசியுவுக்கு ஓடினார்கள். இதற்கென்று மாற்று மருந்து எதுவும் கிடையாது, பிரஷரைத் தூக்கி நிறுத்த வேண்டும், வயிற்றுக்குள் எவ்வளவு புண் என்று பார்க்க வேண்டும், எதையும் இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் ஓடிக்கொண்டே சொன்னார்.

நிவேந்திரன் நின்ற இடத்திலேயே நின்றார்.

"அக்கா, ராமாத்தாக்கா வந்து சொன்னதுக்கு முன்னாடியா குடுத்தீங்க? அப்புறமா?"

"அப்புறம்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, நடையின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தார். மூன்று நாள் நாங்கள் இரண்டு பேரும் அப்படித்தான் இருந்தோம், அவர் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. ராமாத்தாள் தினமும் சோறு கட்டிக்கொண்டு பஸ் பிடித்து வந்தார். நான் எழுந்து நின்று "மன்னிச்சிடுங்க அக்கா" என்றேன். "மொதல்ல புள்ள எந்திரிக்கட்டும் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாலாவது நாள் அவளை வார்டுக்கு மாற்றினார்கள். பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் சொன்னபோது நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் உள்ளே போனேன். அவளுக்குக் கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது, குரல் கீச்சென்று வந்தது.

"அக்கா, அன்னைக்குப் பின்னால வந்து கத்தினது ராமாத்தாக்காதானே? என்னமோ சொன்னாங்களே."

"பேய்ச்சொரன்னு சொன்னாங்கடி. அது ஒரு காயோட பேரு. கசக்குற காட்டுச் சொரக்காய். நான் காய்ச்சல்னு நெனச்சிட்டேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். பேய் புடிச்சிக்கிச்சோன்னு பயந்துட்டேன்." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தாள், வயிறு வலித்திருக்கும், விட்டுவிட்டாள். "அந்தப் பேரு யாருக்குக்கா தெரியும்? அத விடு. இன்னொன்னும் சொன்னாங்கல்ல. குடுக்காத, குடுக்காதன்னு."

"ஆமா."

"அது உனக்குக் கேட்டுச்சா?"

இல்லை என்றால் நம்பியிருப்பாள். சந்தில் அவ்வளவு இரைச்சல்.

"கேட்டுச்சு" என்றேன்.

அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"நிவேன் எப்ப வருவாரு?" என்று மட்டும் கேட்டாள்.